பேசக் கூடாத ஒரு மணி நேரம்

அத்தியாயம் 7

“குட்டி சொல்றபடியே செஞ்சிடலாம்” என்று ஆபரேஷன் டாக்டர் முன்னால் அப்பா சொல்லி ஆறு நாள் ஆகிவிட்டது. அந்த ஒரு வரி இன்னும் பெரியவளின் காதைச் சுற்றிக் கொசு மாதிரி ரீங்காரம் போட்டுக்கொண்டிருந்தது.

குட்டி என்றால் சின்னவள். வயது முப்பத்தாறு. ஆஸ்பத்திரியில் ஸ்கேன் படங்களைப் படித்துச் சொல்கிற டாக்டர். இருந்தாலும் அப்பாவுக்கு அவள் குட்டிதான். பெரியவளுக்கு அப்படிச் செல்லப் பெயர் எதுவும் கிடையாது. பெரியவள் என்பதே அவளுடைய பெயர், பதவி, தண்டனை எல்லாம்.

ரொட்டித் துண்டு நெஞ்சுக்குள் நின்றுவிடுகிறது என்று அப்பா சொல்வதற்கு முன்பே அதைக் கண்டுபிடித்தவள் பெரியவள். அப்பா வாய் திறந்து சொல்கிற ஆள் இல்லை. தட்டில் மிச்சம் வைப்பதையும், ஒரு கவளத்துக்கு இரண்டு மடக்குத் தண்ணீர் குடிப்பதையும் பார்த்துப் பார்த்து அவளாகவே புரிந்துகொண்டாள். வர மாட்டேன் என்றவரை இழுத்துக்கொண்டு போய்க் குழாய் விட்டுப் பார்க்க வைத்தாள். உணவுக்குழாயில் கட்டி, புற்றுநோய்தான் என்று சீட்டு வந்தது. வந்த அன்று சாயங்காலமே சின்னவள் ஃபைலைக் கையில் வாங்கிக்கொண்டாள். அன்றிலிருந்து நோயும் அவளுடையது, நோயாளியும் அவளுடையவர்.

எட்டு வருஷம் வேறு ஊரில் இருந்துவிட்டு, போன வருஷம்தான் சின்னவள் திரும்பி வந்தாள். மழை நின்ற பிறகு குடையோடு வருகிறவர்களுக்குத்தான் எப்போதும் மரியாதை.

இன்றைக்கு அப்பாவுக்குப் பெரிய ஸ்கேன். உடம்பு முழுக்க எடுக்கிற படம். கட்டி உணவுக்குழாயோடு நிற்கிறதா, வேறு எங்காவது கால் வைத்துவிட்டதா என்று அதில் தெரிந்துவிடும். தெரிந்தால்தான் நோய் எந்தக் கட்டம் என்று சொல்ல முடியும். நாலு மணிக்கு டாக்டர்கள் எல்லோரும் கூடி உட்கார்ந்து முடிவு செய்வார்கள். கட்டி இருந்த இடத்திலேயே இருந்தால் மருந்து, கதிர்வீச்சு, அப்புறம் ஆபரேஷன். வெளியே போயிருந்தால் ஆபரேஷன் என்ற பேச்சே இல்லை.

இதில் சின்னவளுக்கு இன்னொரு பெருமையும் உண்டு. இந்தப் படங்களை வைத்து, நோயாளி எத்தனை வருஷம் தாக்குப்பிடிப்பார் என்று கணக்குப் போடுகிற முறை ஒன்றை எழுதிப் பேர் வாங்கியவள் அவள். போன வாரம் பெரியவள் சமையலறையில் அவளைத் தனியாகப் பிடித்து, அப்பாவுக்கு எத்தனை வருஷம் என்று கேட்டிருந்தாள். படம் எடுக்காமல் சொல்ல முடியாது என்று சின்னவள் பாத்திரத்தைத் துடைத்துக்கொண்டே சொன்னாள். எடுத்த பிறகு சொல்வாயா என்று கேட்டதற்கு அடுத்த பாத்திரத்தைக் கையில் எடுத்தாள்.

அதை நினைத்தால்தான் பெரியவளுக்கு வயிறு பற்றிக்கொண்டு வந்தது. அப்பாவின் ஆயுள் ஒரு எண்ணாக மாறப் போகிறது. அந்த எண்ணும் சின்னவளுக்குத்தான் முதலில் தெரியப் போகிறது.

*

காலையில் ஆறு மணி நேரப் பட்டினியோடு அப்பா கிளம்பினார். பட்டினி அவருக்குப் புதிது இல்லை. இரண்டு மாதமாக அரைத்த சூப்பும் பாலும்தான். சட்டைக் காலருக்குள் கழுத்து, பானைக்குள் விட்ட கரண்டி மாதிரி ஆடியது.

ஆஸ்பத்திரி வாசலிலிருந்தே ஆரம்பித்துவிட்டது. பதிவு செய்கிற ஜன்னலில் அப்பா, கேட்காத கேள்விக்கெல்லாம் பதில் சொன்னார். “என் பொண்ணு இங்கதான் டாக்டரா இருக்கா.” ஜன்னலுக்குப் பின்னால் இருந்தவர் எழுந்து நின்றே விட்டார். அப்புறம் பெரியவளைப் பார்த்து, இவங்க என்று இழுத்தார்.

“இது பெரியவ. கூட வந்திருக்கா.”

கூட வந்திருக்கிறாள். இருபது வருஷமாகக் கூடத்தான் வந்துகொண்டிருக்கிறாள். பெரியவள் பையைத் தோளில் ஏற்றிக்கொண்டு சிரித்து வைத்தாள்.

அவள் ஒரு மூக்குக் கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கிறாள். ஃபிரேமை மாட்டிப் பார்த்து, காதோரம் சூடு காட்டி வளைத்து, மூக்கில் வழுக்காமல் உட்கார வைப்பதுதான் தொழில். இந்த ஊரில் பாதிப் பேருடைய காது மடல் அவளுக்குத் தெரியும். ஆனால் அதற்கெல்லாம் யாரும் எழுந்து நின்றது கிடையாது.

ஸ்கேன் பகுதியில் ஊசி போடுகிறவளை எல்லோரும் ஊசியக்கா என்றே கூப்பிட்டார்கள். சிரிக்காமல் சிரிப்பு மூட்டுகிற ஜாதி. அப்பாவை உட்கார வைத்து, விரல் நுனியில் குத்திச் சர்க்கரை பார்த்துவிட்டு விஷயத்தை விளக்கினாள். ஊசியில் ஏறப்போவது சர்க்கரைத் தண்ணீர்தான். கொஞ்சம் கதிர் கலந்தது. புற்றுநோய்க்குச் சர்க்கரை என்றால் உயிர். எங்கே இருந்தாலும் ஓடி வந்து அள்ளிக்கொள்ளும். அள்ளிக்கொண்ட இடம் படத்தில் விளக்குப் போட்ட மாதிரி தெரியும்.

“ஆனா ஒண்ணு. தசைக்கும் சர்க்கரை பிடிக்கும். நீங்க கை ஆட்டினா கை எரியும், வாய் ஆட்டினா வாய் எரியும். அதனால ஊசி போட்ட பிறகு ஒரு மணி நேரம் மரக்கட்டையா படுக்கணும். பேச்சு கிடையாது, போன் கிடையாது, புத்தகம் கிடையாது.” பெரியவள் பக்கம் திரும்பினாள். “கூட வந்தவங்களுக்கும் சொல்றேன். ஊசி ஏறினதும் உங்கப்பா ஒரு சின்ன அடுப்பு. பக்கத்துல போய்க் குளிர் காயாதீங்க.”

சின்னவள் வெள்ளைக் கோட்டோடு வந்து கதவில் சாய்ந்து நின்றாள். “பேசாம இருக்கறதப் பத்திக் கவலையே படாதீங்க. எங்கப்பா பேசற ஆளே இல்ல” என்றாள்.

எல்லோரும் சிரித்தார்கள். அப்பாவும் சிரித்தார்.

அதில் பொய் ஒன்றும் இல்லை. முப்பத்தொரு வருஷம் ரயில் நிலையத்தில் அறிவிப்புச் சொன்னவர் அவர். எந்த வண்டி எத்தனை நிமிஷம் தாமதம், எந்த மேடையில் வரும் என்று ஊருக்கெல்லாம் கணீரென்று சொன்ன குரல், வீட்டுக்குள் வந்ததும் செருப்போடு சேர்த்து வாசலில் கழற்றி வைக்கப்பட்டுவிடும். வீட்டில் அவருடைய மொத்தப் பேச்சும் ‘சாப்பிட்டாச்சு’, ‘படுக்கறேன்’ இரண்டுதான். உங்கப்பா மூணாவது வார்த்தை பேசினா எனக்குப் போன் பண்ணு, லீவு போட்டு வந்து கேக்கறேன் என்பார் பெரியவளின் வீட்டுக்காரர்.

ஊசி ஏறியது. அப்பாவை நடைபாதைக் கோடியில் இருந்த சின்ன ஓய்வறைக்குக் கூட்டிப்போனார்கள். கதவு சாத்திக்கொண்டது.

*

அந்தக் கதவில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு கண்ணாடிச் சதுரம் இருந்தது. அது இல்லாமல் இருந்திருந்தால் இந்த அத்தியாயமே இல்லை.

பத்து நிமிஷம் பெரியவள் நல்ல பிள்ளையாக நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். அப்புறம் கால் மரத்துப்போனதாகத் தனக்குத் தானே சொல்லிக்கொண்டு எழுந்து நடந்தாள். நடந்த வழியில் அந்தச் சதுரம் வந்தது. எட்டிப் பார்த்தாள்.

உள்ளே சின்னவள் இருந்தாள்.

அப்பாவுக்குப் போர்வை போர்த்திவிட்டு, கட்டில் ஓரமாகக் குனிந்து, அவர் நெற்றியில் கை வைத்திருந்தாள். அவள் உதடு அசைந்தது. அப்பா கண்ணைத் திறந்து அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்படி ஒரு பார்வையைப் பெரியவள் தன் கல்யாணத்தில்கூட அப்பாவிடம் பார்த்ததில்லை.

ஊருக்குத்தான் உபதேசம் போலிருக்கிறது. அடுப்பு, குளிர் காயாதே என்பதெல்லாம் கூட வந்தவளுக்கு. கோட்டுப் போட்டவளுக்குச் சட்டம் வேறு.

சின்னவள் வெளியே வந்தபோது பெரியவள் தண்ணீர்க் குழாய் பக்கம் திரும்பிக்கொண்டாள். சின்னவளை யாரோ கூப்பிட, அவள் வேகமாகப் போய்விட்டாள். ஊசியக்கா அடுத்த நோயாளியின் நரம்பு கிடைக்காமல் உள்ளறையில் போராடிக்கொண்டிருந்தாள். நடைபாதையில் ஒருவரும் இல்லை.

போர்வை சரியாக இருக்கிறதா என்று ஒரு நிமிஷம் பார்த்துவிட்டு வந்துவிடலாம் என்றுதான் போனாள். சத்தியமாக அப்படித்தான் நினைத்தாள்.

அறை மங்கலாக, சில்லென்று இருந்தது. கட்டிலின் இடது பக்கம் சுவரோடு ஒட்டியிருந்ததால், வலது பக்கம் கிடந்த ஒற்றை ஸ்டூலில் உட்கார்ந்தாள். அப்பா கண் விழித்தார். பேசக் கூடாது என்று அவள் கையைக் காட்டினாள்.

“குட்டி போயிட்டாளா?” என்றார் அப்பா.

போய்விட்டாள் என்று தலையாட்டினாள்.

அப்பா தலையணையிலிருந்து தலையைத் தூக்கி, அவள் பக்கம் திரும்பி, கதவைப் பார்த்தார். அப்புறம் பேச ஆரம்பித்தார்.

முதலில் அவள் தடுக்கத்தான் பார்த்தாள். இரண்டு தடவை உதட்டில் விரல் வைத்தாள். ஆனால் அவர் சொன்ன முதல் விஷயமே அவளைப் பற்றியது. அவள் பிறந்த அன்று செய்தி கேட்ட சந்தோஷத்தில், மூன்றாம் மேடை வண்டியை ஒன்றாம் மேடை என்று அறிவித்துவிட்டாராம். இருநூறு பேர் பெட்டி படுக்கையோடு படியேறி ஓடினார்களாம். மேலதிகாரி கூப்பிட்டுத் திட்டியபோது சிரித்துக்கொண்டே நின்றாராம். இதை இத்தனை வருஷத்தில் அவர் சொன்னதே இல்லை. குட்டி பிறந்த அன்று என்ன செய்தார் என்று அவளுக்குக் கேட்கத் தோன்றியது. கேட்கவில்லை. ஒன்றும் செய்திருக்க மாட்டார் என்று தானே வைத்துக்கொண்டாள்.

அப்புறம் அம்மாவைப் பற்றிச் சொன்னார். அம்மா போன பிறகு வீட்டில் பேசினால் தன் குரல் சுவரில் பட்டுத் திரும்பி வருவது போல இருந்தது, அதனால்தான் நிறுத்திக்கொண்டேன் என்றார். கணீரென்ற குரலைத் தணித்து, தலையைத் தூக்கித் தூக்கி, அவள் முகத்தைப் பார்த்துப் பேசினார். தலையணையில் சாய்ந்துகொள்ளுங்கள் என்று அவள் சொல்லவில்லை. சாய்ந்தால் நிறுத்திவிடுவார் என்று பயமாக இருந்தது.

அவளுக்குக் கழுத்து வரைக்கும் சந்தோஷம். குட்டியின் ஆஸ்பத்திரி, குட்டியின் ஸ்கேன், குட்டியின் சட்டம். அதற்கு நடுவில் உட்கார்ந்து அவள் திருட்டுத்தனமாக அப்பாவைத் தின்றுகொண்டிருந்தாள்.

கடைசியில் அப்பா அவள் கையைப் பிடித்தார்.

“எனக்கு ஆபரேஷன் வேணாம்மா.”

அவள் திடுக்கிட்டாள்.

“அறுக்கற டாக்டர் அன்னிக்கே சொன்னாரே. குரலுக்குப் போற நரம்பு பக்கத்துலயே ஓடுதாம். ஜாக்கிரதையாத்தான் செய்வோம், ஆனா சிலருக்குக் குரல் கரகரத்துப் போகும்னார். குட்டி அதைக் காதுலயே வாங்கல. எத்தனை வருஷம் எத்தனை வருஷம்னு கணக்குப் போட்டுட்டு இருக்கா.”

“நீங்கதான் வீட்டுல பேசறதே இல்லையேப்பா.”

“பேசலைன்னா? பெட்டியில துணி இருக்கு, உடுத்தல. அதுக்காகப் பெட்டியை எரிச்சிடுவியா?”

அவள் போர்வையை அவர் தோள் வரை இழுத்துவிட்டாள்.

“குட்டிகிட்டச் சொல்லாதே. அவ அழுவா. நீ தாங்கிப்ப.”

வேறு நாளாக இருந்தால் அந்த வார்த்தையே அவளுக்குச் சுருக்கென்று தைத்திருக்கும். அழக் கூடாதவள் அவள், தாங்க வேண்டியவள் நான். ஆனால் இன்றைக்கு அது காதில் தேனாகப் பாய்ந்தது. சின்னவள் எண்ணை வைத்துக்கொள்ளட்டும். அப்பாவின் மனசு என்னிடம் இருக்கிறது. சொல்ல மாட்டேன் என்று அவர் கையில் அடித்துச் சத்தியம் செய்தாள்.

நடைபாதையில் செருப்புச் சத்தம் கேட்டதும் எழுந்து நழுவினாள். நாற்காலியில் வந்து உட்கார்ந்து கடிகாரத்தைப் பார்த்தாள். முக்கால் மணி நேரம் ஓடியிருந்தது. ஊசியக்கா ஓய்வறைக்குள் போய் அப்பாவை எழுப்பினாள். தூங்குகிறவரைப் போலக் கள்ளத்தனமாகக் கண்ணை மூடிக் கிடந்தார். ஊசியக்கா அட்டையில் ‘அமைதியாக இருந்தார்’ என்ற இடத்தில் ஒரு கோடு போட்டாள்.

*

படம் எடுத்து முடித்ததும் அப்பா காத்திருக்கும் இடத்தில் உட்கார்ந்து, காகிதக் கோப்பையில் பாலைச் சொட்டுச் சொட்டாக இறக்கினார். பெரியவளைப் பார்க்கும்போதெல்லாம் உதட்டில் விரலை வைத்து எடுத்தார். பள்ளிக்கூடத்துப் பையன் மாதிரி ஒரு சிரிப்பு வேறு. அவளும் திருப்பி விரலை வைத்தாள். மத்தியானம் வரைக்கும் இந்த விளையாட்டு நடந்தது. பல வருஷத்துக்குப் பிறகு அவள் வயிறு ஆறியிருந்தது.

மூன்றரை மணிக்குச் சின்னவள் வந்தாள். கோட்டைக் கழற்றிக் கையில் வைத்திருந்தாள். அப்பாவைப் பார்த்து, கொஞ்ச நேரம் ஆகும்பா, இங்கயே இருங்க என்றாள். அக்காவைப் பார்த்து, கொஞ்சம் வா என்றாள். குரலில் தண்ணீர் இருந்தது.

படம் படிக்கிற அறையில் விளக்கு இல்லை. மூன்று பெரிய திரைகள்தான் வெளிச்சம். சொந்தக்காரர்களின் படத்தை அவரவர் படிக்கக் கூடாது என்பது அங்கே விதி. அதனால் தலைமை டாக்டர்தான் படித்திருந்தார். சின்னவள் பின்னால் நின்று பார்த்தாளாம்.

திரையில் அப்பா நின்றுகொண்டிருந்தார். சாம்பல் நிறத்தில், எலும்பும் தோலுமாக, மூக்குக் கண்ணாடி இல்லாமல். தலைக்குள் ஜெகஜ்ஜோதியாக எரிந்தது.

“தலையிலயா?” என்று பெரியவள் கேட்டாள். மூளைக்கு எப்போதுமே சர்க்கரைப் பசி, அது எல்லோருக்கும் அப்படித்தான் என்று சின்னவள் சொன்னாள். நெஞ்சு நடுவில் சுண்டுவிரல் நீளத்துக்கு எரிந்த இடத்தைக் காட்டி, இது கட்டி, தெரிந்ததுதான் என்றாள். ஈரல் சுத்தம். எலும்பு சுத்தம். அப்புறம் அவள் விரல் மேலே நகர்ந்து, அப்பாவின் இடது பக்கம், கழுத்துப் பட்டை எலும்புக்குச் சற்று மேலே நின்றது.

அங்கே ஒரு சின்ன வெளிச்சம். மிளகு அளவுதான்.

“இதான்க்கா. இது நிணநீர் முடிச்சுன்னா, நோய் கழுத்து வரைக்கும் போயிடுச்சுன்னு அர்த்தம். ஆபரேஷன் கிடையாது. என் கணக்குல...” நிறுத்தினாள். “என் கணக்கு எனக்கே வேணாம்.”

“வேற எதுவா இருக்கலாம்?”

“தசையா இருக்கலாம்னுதான் தலைமை டாக்டரும் முதல்ல பார்த்தார். ஊசியக்காவைக் கூப்பிட்டு, அப்பா பேசினாரா, அசைஞ்சாரான்னு கேட்டார். இல்லவே இல்லைன்னுட்டாங்க. நானும் சொன்னேன், எங்கப்பா வீட்டுலயே பேச மாட்டார் டாக்டர்னு.” சின்னவள் முகத்தைக் கோட்டில் துடைத்தாள். “ஒரு மணி நேரம் மரக்கட்டையா கிடந்தவருக்குத் தசை எரிய வேண்டிய அவசியமே இல்லைன்னு அவர் தசைங்கறதை லிஸ்ட்லேர்ந்து அடிச்சிட்டார்.”

பெரியவள் அந்த மிளகையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

கடையில் ஃபிரேமை மாட்டிக்கொண்டு ஆட்கள் வலது பக்கத்து நிலைக்கண்ணாடியில் தங்களைப் பார்த்துக்கொள்வார்கள். அப்படி வலது பக்கம் திரும்பினால் இடது காதுக்குப் பின்னாலிருந்து ஒரு கயிறு புடைத்து, கழுத்து வழியாக இறங்கி, எலும்பில் போய்ப் பிடித்துக்கொள்ளும். வலது பக்கம் திரும்ப, இழுப்பது இடது பக்கக் கயிறு. ஒரு நாளைக்கு நாற்பது கழுத்தில் அவள் இதைப் பார்க்கிறாள். மெலிந்தவர்களுக்கு அந்தக் கயிறு முடியும் இடம் நன்றாகவே தெரியும்.

அந்த இடத்தில்தான் மிளகு எரிந்துகொண்டிருந்தது. அவள் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தது அப்பாவின் வலது பக்கம்.

சுவர்க் கடிகாரம் நாலடிக்கப் பன்னிரண்டு நிமிஷம் காட்டியது.

பேசாமல் இருந்துவிட்டால் என்ன? அப்பாவே வேண்டாம் என்கிற ஆபரேஷன்தானே. இந்த மிளகு அதை அவருக்கு நோகாமல் ரத்து செய்துவிடும். அவர் கேட்டது நடக்கும். அவள் சத்தியமும் நிற்கும். யாரும் அவளைக் குற்றம் சொல்லப் போவதில்லை, ஊசியக்காவின் கோடு சாட்சி.

ஆனால் வேண்டாம் என்று அப்பா வாயால் சொல்லி நிற்பது வேறு, அவள் பொறாமை கழுத்தில் ஏறி உட்கார்ந்து நிறுத்துவது வேறு. நாளைக்கே அப்பா மனசு மாறி, சரி செய்துகொள்கிறேன் என்றால்? அப்போது கதவு சாத்தியிருக்கும். சாத்தியது யார் என்று அவளுக்கு மட்டும் தெரியும். சாப்பாடு இறங்காமல் தவிப்பது இனி அவள் முறையாகிவிடும்.

சின்னவள் கோட்டை மாட்டிக்கொண்டு கூட்டத்துக்குக் கிளம்பினாள். கதவைத் தாண்டி நாலு எட்டு வைத்தபோது பெரியவள் பின்னாலேயே ஓடிப்போய் அவள் முழங்கையைப் பிடித்தாள்.

“அப்பா பேசினார்.”

சின்னவளுக்குப் புரியவில்லை.

“அந்த அறைக்குள்ள நான் போனேன். நீ போனதைப் பார்த்தேன், உடனே நானும் போனேன். வலது பக்கம் உட்கார்ந்தேன். தலையைத் தூக்கி, என் பக்கம் திரும்பியே பேசினார். இந்தக் கயிறு பூரா நேரமும் புடைச்சுட்டு நின்னுது.” தன் கழுத்தில் இடது பக்கம் விரலை வைத்துக் காட்டினாள். “முக்கால் மணி நேரம்.”

சின்னவள் அவளைத் திட்டவில்லை. அதுதான் பெரியவளுக்குப் பயமாக இருந்தது. ஒரு நொடி நின்றாள், கண் சுருங்கியது, அப்புறம் கூட்ட அறைக் கதவைத் தள்ளிக்கொண்டு ஓடினாள்.

இருபது நிமிஷம் பெரியவள் சுவரோடு சுவராக நின்றாள். கோபத்தில் யாராவது வெளியே வந்து நாலு வார்த்தை கேட்டால் தேவலை போல இருந்தது.

சின்னவள்தான் வந்தாள். முடிவை ஒத்திவைத்துவிட்டார்கள் என்று சொன்னாள். நாளைக் காலையில் கழுத்தில் அல்ட்ராசவுண்ட் வைத்துப் பார்ப்பார்கள். சந்தேகம் வந்தால் ஊசியால் குத்தி எடுத்துச் சோதிப்பார்கள். முடிச்சு என்று எதுவும் இல்லையென்றால் பழையபடி மருந்து, கதிர், ஆபரேஷன். தலைமை டாக்டர் ஊசியக்காவைப் பிடி பிடியென்று பிடித்துவிட்டாராம். இதையெல்லாம் ரயில் அறிவிப்பு மாதிரி ஏற்ற இறக்கம் இல்லாமல் ஒப்பித்தாள்.

ஒப்பித்து முடித்தும் போகவில்லை.

“முக்கால் மணி நேரமா?”

“ம்.”

“நான் உள்ள போய், பேசாதீங்கப்பான்னு சொன்னேன். சரின்னு கண்ணாலயே சொன்னார். என் முன்னாடி வாயே திறக்கல.” சின்னவள் உதட்டைக் கடித்துக்கொண்டாள். “திரும்பி வந்து ஒரு வருஷமாச்சு. எங்கிட்ட அவர் ரிப்போர்ட்டைப் பத்திதான் கேப்பார். டாக்டரைக் கேக்கற மாதிரி கேப்பார். நானும் டாக்டர் மாதிரி பதில் சொல்லுவேன். உங்கிட்ட முக்கால் மணி நேரம் பேசியிருக்கார்.” மூச்சை இழுத்துக்கொண்டாள். “என்ன பேசினார்?”

பெரியவள் தங்கையின் முகத்தைப் பார்த்தாள். மூக்கு விடைத்து, கண்ணுக்குக் கீழே ஒரு நரம்பு துடித்துக்கொண்டிருந்தது. அந்த முகம் அவளுக்கு நன்றாகத் தெரியும். கடையில் ஆள் இல்லாத நேரத்தில், நிலைக்கண்ணாடியில் அவள் தினமும் பார்க்கிற முகம்.

நடைபாதைக் கோடியில் அப்பா எழுந்து நின்று, காகிதக் கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டு இவர்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“ரயிலைப் பத்தி” என்றாள் பெரியவள்.

“முக்கால் மணி நேரமும் ரயிலா?”

“முக்கால் மணி நேரமும் ரயில்தான்.”

சின்னவள் நம்பவில்லை என்பது தெரிந்தது. அதற்குள் கூட்ட அறைக் கதவு திறந்து தலைமை டாக்டர் தலையை நீட்டினார். நாளைக்குக் கழுத்து சுத்தம் என்று வந்துவிட்டால் நேரத்தை வீணாக்க வேண்டாம், எல்லாவற்றுக்கும் தேதி குறித்துவிடலாம், ஆபரேஷனுக்கு அப்பா சம்மதம் சொல்லிவிட்டார் அல்லவா என்று கேட்டார்.

“எப்பவோ சொல்லியாச்சு டாக்டர்” என்றாள் சின்னவள், கண்ணை அக்காவிடமிருந்து எடுக்காமல். “நான் சொன்னா எங்கப்பா மறுத்துப் பேசவே மாட்டார்.”

பெரியவள் வாயைத் திறந்தாள். தூரத்தில் அப்பா மெதுவாக உதட்டுக்குக் கொண்டுபோனது விரலையா, பால் கோப்பையையா என்று அவள் கண்ணுக்குப் பிடிபடவில்லை. வாயை மூடிக்கொண்டாள்.

சத்தியத்துக்காக மூடிக்கொண்டாளா, கையில் இருந்த ஒன்றே ஒன்றைக் குட்டிக்குக் கொடுக்க மனசு வராமல் மூடிக்கொண்டாளா என்று கேட்டால், அவளுக்கே தெரியாது.